ரப்பரும் ஒரு வெள்ளைப் பொடியும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நம் குடும்பங்கள் பலவற்றிலே பால்மரம் வெட்டியவர் ஒருவராவது இருப்பார். அப்பா இல்லையென்றால் தாத்தா, பாட்டி. மங்கிலே வடிந்த அந்தப் பால், லாரியைத் தாங்குகிற டயராக எப்படி மாறுகிறது?

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்துப் போகும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று 1839இல் கண்டார் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். ஆனால் கந்தகம் மட்டும் போட்டால் மணிக்கணக்காகும். துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியும், ஸ்டியரிக் அமிலமும், வேக ஊக்கிகளும் சேர்ந்தால் நிமிடக் கணக்கில் வேலை முடிந்துவிடும். 100 கிலோ ரப்பருக்குச் சுமார் 3 முதல் 5 கிலோ பொடி போதும். உலகில் தயாராகும் இப்பொடியில் ஏறக்குறைய பாதி ரப்பர்த் தொழிலுக்கே போகிறது. மருத்துவமனைக் கையுறையிலும் இது உண்டு.

இதை எப்படிச் செய்கிறார்கள்? துத்தநாகத்தை உருக்கி 907 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றினால், தண்ணீரைப் போலக் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி காற்றிலே பட்டு எரிந்து வெண்புகையாகும். அதைக் குளிரவைத்துத் துணிப்பைகளிலே பிடித்தால், அதுதான் பொடி. இதற்குப் பிரெஞ்சு முறை என்று பெயர். தாதுவையே கரியோடு சேர்த்துச் சுட்டு எடுப்பது அமெரிக்க முறை.

அரிப்புக்குத் தடவுகிறோமே கேலமைன், அதிலும் இதுதான் இருக்கிறது. இளஞ்சிவப்பு நிறம் மட்டும் கொஞ்சம் இரும்பு ஆக்சைடு தந்தது.

தோலுக்கு மருந்தான இதுவே புகையாக மூச்சில் போனால் தீங்கு. துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகை இதேதான். சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடல்வலி வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் விட்டுவிடும். அதனால் சாதாரணக் காய்ச்சல் என்றே நினைத்துக் கொள்கிறோம். பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்பது பட்டறைப் பேச்சு. குடித்த பால் வயிற்றுக்குப் போகிறது. புகை நுரையீரலுக்கல்லவா போகிறது!

பரிசு வாங்கும் பிள்ளைகளே! உங்க அப்பாவோ அண்ணனோ பட்டறையில் வேலை செய்தால் இன்றைக்கே சொல்லுங்கள்: பற்றவைக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும், காற்றோட்டம் வேண்டும், புகைக்கு ஏற்ற முகமூடி வேண்டும். தமிழிலே படித்த அறிவியல் தேர்வுத்தாளோடு நின்றுவிடக் கூடாது. வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும்.