காமன் பொட்டலும் நாடக மேடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்திய உரை)



கொத்மலைத் தோட்டங்களிலே காமன் கூத்து நடைபெறும் பொட்டலைத் திருத்தி, அங்கே சீமெந்து மேடையும் தகரக் கூரையும் திரைச்சீலையும் அமைத்தல் வேண்டும் என்னும் யோசனை நம்மிடையே சில காலமாகப் பேசப்பட்டு வருகின்றது. பணம் சேர்ப்பதற்கு முன் இதனைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நலம் என்று நாங்கள் எண்ணினோம். அதன் பயனே இப்பேச்சு.

கூத்துக்குப் புதிய அரங்கு தேடிய முயற்சி நமக்குப் புதிதன்று. நம் கொத்மலை ஓயா மகாவலியோடு கலந்து சென்று கடக்கின்ற பேராதனையிலே அது முன்னரே நடந்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டிலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, அம்பலாங்கொடையைச் சேர்ந்த பழைய நாடகக் குரு ஒருவரின் துணைகொண்டு சிங்கள 'நாடகம' மரபை ஆராய்ந்து, 'மனமே' என்னும் நாடகத்தை மேடையேற்றினார். அந்த 'நாடகம' தமிழ்க் கூத்தின் வழிவந்தது என்பர் அறிஞர். மகள் பட்டணத்திலே பாராட்டுப் பெற்றாள். தாயோ கிராமத்து மூலையிலே கிடந்தாள்!

அந்தத் தாயைத் தேடிச் சென்றவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள். மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பேராதனைக்கு அழைத்து, மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பழக்குவித்தார். 1962-இல் கர்ணன் போர், 1963-இல் நொண்டி நாடகம், 1964-இல் இராவணேசன் என அவை அரங்கேறின. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் தாமே பேராசிரியராகி, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து நூல் எழுதினார். வித்தியானந்தன் அவர்கள் கத்தோலிக்கரின் கூத்துக்களையும் விட்டுவிடவில்லை. மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் முதலியவற்றை அச்சிலேற்றினார். மிஷன் பாடசாலையிலே ஷேக்ஸ்பியரை நெட்டுருப் பண்ணித் திரைக்கு முன் நின்று ஒப்பித்த எங்களுக்கு, வேத நாயகர்களும் தமிழ்க் கூத்திலே தாளம் தப்பாமல் ஆடியிருக்கிறார்கள் என்பது பெருவியப்பாக இருந்தது.

அவர் செய்த மாற்றம் யாது? விடிய விடிய ஆடிய கூத்தைச் சில மணி நேரத்துள் அடக்கினார். வட்டக்களரியிலே நாற்புறமும் இருந்தவர்களை நோக்கி ஆடியவர்கள், இப்பொழுது ஒரு பக்கத்தாரை நோக்கி ஆடினார்கள். களரியின் நடுவே நின்ற அண்ணாவியாரும் மத்தளமும் மேடையின் ஓரத்திற்கு வந்தனர். இதனால் இலாபம் பெரிது. கூத்தென்றால் முகம் சுளித்த படித்தவர் கூட்டம், அதனைக் கலையென்று ஒப்புக்கொண்டது. ஆனால் நட்டமும் உண்டு. மேடைக்கு வந்தது கூத்தேயன்றி, அதனை ஆண்டுதோறும் ஆடிவந்த ஊர் அன்று. இக்குறையை உணர்ந்தே, பிற்காலத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையிலே சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் கூத்து மீளுருவாக்கம் என்னும் பணியைத் தொடங்கினார்கள். அங்கே கூத்தைத் திருத்தியவர்கள் ஊராரே. களரியை விட்டு நீங்காமல், கூத்திலே பெண்ணை எப்படிக் காட்டுகிறோம், சாதியை எப்படிக் காட்டுகிறோம் என்று தமக்குள்ளே வாதாடித் திருத்தினார்கள்.

இனி நம் பொட்டலுக்கு வருவோம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையிலே காமன் ஊன்றுகிறோம். ரதிக்கும் மன்மதனுக்கும் கலியாணம் நடக்கிறது. வேடக்காரர் லயம் லயமாகச் சென்று ஆடுகின்றனர். ரதி தடுத்தும் கேளாமல் மன்மதன் சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போகிறான், எரிகிறான், பின்னர் உயிர்த்தெழுகிறான். இத்தனையும் ஒரே இரவிலே, ஒரே மேடையிலே முடிவதன்று. தோட்டம் முழுவதுமே அதற்கு அரங்கம். காமன் ஊன்றியது முதல் எரிவது வரை அந்த இடம் ஊராருடைய காவலிலே இருக்கிறது.

தகரக் கூரையின் கீழே காமனை எரிப்பது எப்படி? அருச்சுனன் தபசிலே அருச்சுனன் ஏறுகின்ற உயர்ந்த கம்பத்தைத் திரைச்சீலைக்குப் பின்னால் எங்கே நாட்டுவது? இதைக் கேட்டவுடன் எங்களுள் மேடை வேண்டும் என்று நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். தமிழ்நாட்டு லாவணிக்காரர் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து வாதாடுவார்கள். சீமெந்து மேடை கட்டினால் நாம் அனைவரும் எரியாத கட்சிதான்!

ஆகவே எங்கள் யோசனை வேறு. பொட்டலைச் சமப்படுத்தி, பள்ளத்துப் பக்கம் கல் அணை கட்டி, தண்ணீர் ஓடக் கான் வெட்டுவோம். நல்ல விளக்கு வேண்டும். வேடம் கட்ட ஓர் அறை வேண்டும். இரவெல்லாம் குந்தியிருக்கும் தாய்மாருக்கு மலசலகூடம் வேண்டும். மேற்புறம் திறந்தே இருக்கட்டும். பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்குச் சிறு கூத்தொன்றைச் சுருக்கி ஆடுவதில் எங்களுக்குத் தடையில்லை. பேராதனை காட்டிய வழி அது. ஆனால் அந்தச் சுருக்கமே கூத்தென்று நம் தம்பி தங்கைகள் நினைத்துவிடக் கூடாது.

கல்லும் மண்ணும் இலகுவான காரியம். பாட்டு முழுவதையும் மனத்திலே வைத்திருக்கும் வாத்தியார்மார் ஒவ்வொருவராக மறைகின்றனர்; அவர்களிடம் பழக வேண்டிய இளைஞர் கொழும்பிலே கடைகளில் நிற்கின்றனர். 1914-இல் மடகொம்பரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். மாத்தளை வடிவேலன் அவர்கள் நம் கூத்துக்களைப் பற்றி எழுதிவைத்தார். அவர்கள் தனியாட்களாகச் செய்ததை ஒரு சங்கம் செய்ய இயலாதா? இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவியாகிய தொலைபேசி இருக்கிறதே!

மற்றொன்று. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். தப்பு இல்லாமல் காமன் கூத்து இல்லை. ஆயினும் தப்பு அடிப்பவரைப் பொட்டலிலே வரவேற்று, பந்தியிலே தள்ளி வைக்கும் வழக்கம் முற்றும் நீங்கிவிட்டதென்று எவரேனும் துணிந்து சொல்லக் கூடுமா? தகப்பன் அடித்த தப்பைத் தொடுவதற்கு மகன் கூசுகிறான் என்றால் குற்றம் மகனுடையதன்று. மலையகத்தார் வந்து 200 ஆண்டு நிறைந்ததென்று 2023-இல் விழாக் கொண்டாடினோம். தப்பும் மேடையிலே முழங்கியது. அந்த முழக்கத்தை நம் பிள்ளைகள் எல்லோரும், சாதி பாராமல், ஒரே வாத்தியாரிடம் அமர்ந்து பழகட்டும். சங்கத்துப் பிள்ளைகளுள் முதலிலே பெயர் கொடுக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

அடுத்த மாசிக்கு முன்னர் கான் வெட்டும் வேலையையாவது தொடங்கலாம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவர வேண்டும். பாட்டெழுதிய பழைய கொப்பிகள் எவர் வீட்டிலேனும் இருந்தால், படியெடுத்துத் திருப்பித் தருவோம். செயலாளரிடம் ஒப்படைக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.