படி ஏறாதீங்கம்மா



கண்டியில் வளர்ந்த நமக்குப் படிகள் புதிதல்ல. இங்கே பல வீடுகளுக்குப் பாதையிலிருந்து படி ஏறியோ இறங்கியோதான் போகவேண்டும். 60 வயது தாண்டியதும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் சொல்வது, "படி ஏறாதீங்கம்மா, விழுந்திடுவீங்க!" அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறிவுரையைக் கேட்டு உட்கார்ந்துவிட்டால், விழும் நாள் விரைவாக வரும்.

எலும்பு உயிருள்ளது. பழையதைக் கரைக்கும் கலங்களும் புதியதைக் கட்டும் கலங்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. 30 வயதளவில் எலும்பின் திணிவு உச்சத்தை அடைகிறது. மாதவிடாய் நின்று ஈஸ்திரஜன் ஓமோன் குறைந்ததும், கரைப்பது கட்டுவதை முந்திவிடும். அடுத்துவரும் சில ஆண்டுகளில் இழப்பு மிக வேகம். வலி இருக்காது. குளியலறையில் வழுக்கி மணிக்கட்டோ இடுப்போ முறிந்த பிறகே பலருக்குத் தெரியவருகிறது.

தசையும் வயதோடு குறையும். ஆனால் அது எந்த வயதிலும் சொல் கேட்கும். பொஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில், 86 முதல் 96 வயது வரையான 10 பேருக்குக் காலால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார் டொக்டர் மரியா ஃபியாட்டரோன். 1990இல் வெளியான ஆய்வு அது. 8 வாரங்களில், பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்கைத் தாண்டியது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள்!

நம்மில் பலர் காலையில் வாவியைச் சுற்றி நடக்கிறோம். இதயத்துக்கு நல்லது, விடவேண்டாம். ஆனால் சமதரை நடை மட்டும் தொடைத் தசைக்குப் போதாது. அதற்குப் பாரம் வேண்டும். படி ஏறும்போது நம் உடம்பே அந்தப் பாரம். பிள்ளைகள் பணம் அனுப்பினால் படிக்குக் கைப்பிடியும் நல்ல வெளிச்சமும் போடுங்கள். தேய்ந்த செருப்பை வீசுங்கள்.

தனியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவதா என்று, இரவில் பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டுமாக நானும் படுத்திருக்கிறேன். புரதம் இல்லாமல் தசை வளராது. முட்டை, பருப்பு, கடலை, நெத்தலி, ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும்.

இனி ஒரு சின்னப் பரீட்சை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கதிரையிலிருந்து 5 தடவை எழுந்து அமரவேண்டும். 15 விநாடிக்கு மேல் எடுத்தால் கால் பலம் குறைந்திருக்கிறது, வைத்தியரிடம் கேளுங்கள். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் தலைச்சுற்று உள்ளவர்களும் இருந்தபடியே எண்ணுங்கள். மற்றவர்கள் எழும்புவோமா?