முதியோர் மன்றச் சீர்திருத்தம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

நமது சத்திரத்தின் முன்மண்டபத்தில் நடைபெற்று வரும் முதியோர் மன்றத்தைக் காலத்துக்கேற்பத் திருத்தியமைக்கும் விஷயம் இன்று நம் முன் வந்துளது. நிர்வாக சபையார் தயாரித்த திட்டத்தை நாம் கருத்தூன்றிப் படித்தோம். பளிங்குத் தரை, குளிர்சாதனம், பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவை அதில் முதலிடம் பெற்றிருக்கின்றன. அவற்றின்மேல் நமக்கு விரோதமில்லை. ஆயினும், அத்திட்டம் மன்றத்துக்கு வருவோரை எண்ணி வகுக்கப்பெற்றதேயன்றி, வாராதவரை எண்ணியதாகத் தோன்றவில்லை. மாலைதோறும் பத்திரிகை வாசிக்கவும் சதுரங்கம் ஆடவும் ஆடவர் சிலர் வருகின்றனர். நம் குலத்து மூதாட்டியருள் ஒருவரேனும் அங்கு வந்து அமர்ந்ததை நாம் கண்டதில்லை. ஆடவரினும் பெண்டிரே நீண்ட நாள் வாழ்கின்றனர் என்பதும், துணையை இழந்து தனித்திருப்போருள் அவர்களே மிகப் பலர் என்பதும் யாவரும் அறிந்தவை. மன்றம் எவர்க்கு மிகத் தேவையோ அவர்க்கே அது எட்டாதிருக்கின்றது அன்றோ?

முதற்காரணம் நேரம். மன்றம் மாலை 4 மணிக்குத் திறக்கப்பெறுகின்றது. பேரக்குழந்தைகள் பள்ளியினின்று திரும்பும் வேளையும் அதுவே. அடுப்பங்கரை வேலை முடிந்து, மக்களும் மருமக்களும் உத்தியோகத்துக்குச் சென்றபின், ஏறக்குறைய 11 மணி முதல் 3 மணி வரையில்தான் பாட்டிமார்க்கு ஓய்வு. வீட்டிற் பேச்சுத்துணை இல்லாத நேரமும் அதுதான். அப்பொழுது நமது மண்டபம் பூட்டிக் கிடக்கின்றது. பூட்டை முன்னதாகத் திறப்பதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது, சபையிற் சொல்லக் கூசும் விஷயம். சொல்லாதிருந்தால் காரியம் நடவாது. சத்திரத்தின் பின்கட்டிலுள்ள கழிப்பறை, குந்தி எழ இயலாதவர்க்குப் பயன்படாதது. முழங்கால் நோயுற்ற மூதாட்டி, கழிப்பறை வசதியில்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் எங்ஙனம் இருப்பாள்? வீட்டிலேயே இருந்துவிடுகின்றாள். நாற்காலிபோல் அமரும் பீடமும், பற்றி எழுவதற்குச் சுவரிற் கைப்பிடியும், ஈரத்தில் வழுக்காத சொரசொரப்பான தரையும், வெளிப்புறமாகத் திறக்கும் கதவும் வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிடின், உட்புறம் திறக்கும் கதவை அவருடைய உடலே தடுத்துக்கொள்ளும். பளிங்குத் தரையைப் பற்றிய நமது அச்சமும் இதுவே: முதியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பலர் மீண்டும் பழையபடி நடமாடுவதில்லை. பளிங்கிற் பெயர் பொறித்துக்கொள்ள நம்மிற் பல கனவான்கள் முன்வருவர். கழிப்பறைச் சுவரிற் பெயர் பொறிக்க எவரும் விரும்பார் என்பதையும் நாம் அறிவோம்.

மூன்றாவது, வாயிற்படி. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதே சாய்தளத்துக்கு வல்லோர் வகுத்த அளவு. நமது 5 படிகளும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டரை அடி உயரம் என்று கொண்டால், 30 அடிச் சாய்தளம் தேவை. தெருவை நோக்கி அதற்கு இடமில்லை. பக்கச் சுவரையொட்டித் திருப்பிக் கட்டினால் இடமுண்டு. சக்கர நாற்காலிக்கென்று பெயரளவில் செங்குத்தாகப் பூசிவிடும் சிமிட்டிச் சரிவு வேண்டா. அது படியினும் அபாயகரமானது.

இத்தகைய மன்றங்கள் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1943ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் பொதுநலத் துறை ஊழியர்கள், முதியோர் பலர் உதவி கேட்கும் அவசியமின்றியும் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்ததைக் கவனித்தனர். அவர்கள் நாடி வந்தது பேச்சுத்துணையை. அவர்கள் கூடியிருக்க ஓர் இடம் அளிக்கப்பெற்றது. அதன் காரியங்களை நடத்துவதில் அம்முதியோரும் பங்குகொண்டனர். அவ்வாண்டே விமான விபத்தில் மாண்ட துறைத் தலைவர் வில்லியம் ஹாட்சன் பெயரால் அம்மன்றம் வழங்கலாயிற்று. நமக்கு அண்மையில் கேரளத்திலும் உள்ளாட்சி மன்றங்கள் ‘பகல் வீடு’ என்னும் பெயரால், முதியோர் காலையில் வந்து மாலையில் தம் இல்லம் திரும்பும் நிலையங்களை அமைத்துள்ளன.

சர்க்காரே இதனைச் செய்யட்டுமே என்பாரும் உளர். 2007ஆம் ஆண்டுச் சட்டம், 60 வயது நிரம்பியோரை மூத்த குடிமக்களென வகுத்து, மாவட்டத்துக்கு ஒன்றேனும், குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும் இல்லங்களை மாகாண அரசினர் அமைக்கலாமெனக் கூறுகின்றது. அது கதியற்றோர்க்கானது. வீடும் சோறும் பிள்ளைகளும் இருந்தும் பகற்பொழுதெல்லாம் ஒருவரோடும் பேசாதிருப்பவரை அச்சட்டம் எங்ஙனம் காணும்? 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படியே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் 60 வயது கடந்தவர். நம்மவர் பிள்ளைகளோ பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றனர்.

நமது குலத்தார் அல்லாதவரை மன்றத்திற் சேர்க்கலாமா என்னும் கேள்வியும் எழுந்திருக்கின்றது. மகமைப் பணத்தாற் கட்டிய கட்டடம் நம்மவர்க்கே உரியதென்று சிலர் கண்டிப்பாகக் கூறுகின்றனர். சேர்த்தே ஆகவேண்டுமென்பது நமது துணிபு. நாற்பதாண்டு ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, ஒருவர் வீட்டுப் பிரசவத்துக்கு மற்றவர் வெந்நீர் வைத்த இரு கிழவியருள், ஒருத்தியை உள்ளே விட்டு மற்றவளை வாயிலில் நிறுத்தினால், உள்ளே விடப்பட்டவளும் வரமாட்டாள். அவள் தேடுவது நமது மண்டபத்தையன்று, அந்தத் தோழியை.

சில்லறை விஷயங்கள் சில உள. கைப்பிடியுள்ள நாற்காலிகள் வாங்குக. ஓசை எதிரொலிக்கும் கல் மண்டபத்தில் காது மந்தமானவர்க்குப் பேச்சு விளங்காதாகையால், தொலைக்காட்சியைத் தனியறைக்கு மாற்றுக. கைப்பேசியைக் கையாளவும், வங்கியின் இரகசிய எண்ணைக் கேட்கும் வஞ்சகரிடம் ஏமாறாதிருக்கவும், நம் கல்லூரி மாணவர் சனிக்கிழமைதோறும் கற்பிக்கலாம். 14567 என்னும் முதியோர் உதவி எண்ணைச் சுவரிற் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

மன்றத்தின் நிர்வாகத்தை மன்றத்துக்கு வருவோரிடமே ஒப்புவித்து, அதிற் பாதி ஸ்தானங்களை அம்மையார்க்கு அளிக்க வேண்டுகின்றோம். அடுத்த சபைக் கூட்டத்துக்கு முன்னர் நம் சகோதரிகள் நால்வர் வீடுதோறும் சென்று, வாராத மூதாட்டியர் கூறும் காரணங்களை அவர்கள் சொன்னபடியே எழுதி வருவாராக. அக்குறிப்பு சபை முன் படிக்கப்பெறும் வரையில் பளிங்குக் கற்களுக்கு முன்பணம் அனுப்புவதை நிறுத்தி வைக்குமாறு பொக்கிஷதார் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.