பழைய செயின்சா: செப்பனிடுவதா, ஒதுக்குவதா?



காற்று மழையில் சாய்ந்த பால்மரத்தை அறுக்கவும், காய்ப்பு நின்ற டுரியான் மரத்தை வெட்டவும் சிறுதோட்டக்காரர்கள் பலர் செயின்சா வைத்திருக்கிறார்கள். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் அது உறுமாமல் கிடக்கும் நாளில் கேள்வி எழுகிறது: இதற்கு இன்னும் பணம் போடலாமா? கைக்குப் பழகிய கருவியை வீசிவிட மனம் வராது. ஆனால் இதில் பாசத்தைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. சோதித்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

முதலில் சோதிக்க வேண்டியது இன்ஜினை அல்ல, பிரேக்கை. தகட்டின் நுனி மரத்தில் இடித்தால், செயின்சா கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். அப்போது செயினை நிறுத்துவது, முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள தடுப்போடு இணைந்த பிரேக்தான். இந்த ஏற்பாடு 1970களில்தான் பரவத் தொடங்கியது. பிரேக் இல்லாத பழங்கருவியை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு எடுக்கக் கூடாது. பிரேக் இருந்தும் அது பிடிக்கவில்லை, மாற்றுப் பாகமும் கிடைக்கவில்லை என்றால், அந்தக் கருவிக்கு வேறு செலவு எதுவும் வேண்டாம்.

அடுத்தது இன்ஜின். புகை வெளியேறும் பெட்டியைக் கழற்றி, அந்தத் துளை வழியாக பிஸ்டனைப் பார்க்கலாம். அது வழவழப்பாக இருந்தால் நல்லது. நெடுக்குவாட்டில் கீறல்கள் இருந்தால், பெரும்பாலும் எண்ணெய் சேராத பெட்ரோலில் ஓடிய கருவி என்று பொருள். கம்ப்ரஷன் மானி சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டுக்கு மேல் காட்டினால் பொதுவாக நம்பலாம். 90க்கும் கீழே இறங்கினால் ரிங், பிஸ்டன், சிலிண்டர் எனச் செலவு நீளும்.

பிரேக்கும் பிஸ்டனும் நன்றாக இருந்தால் அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம். பழைய பெட்ரோல், கரி படிந்த பிளக், அடைத்த வடிகட்டி, இறுகிப்போன எரிபொருள் குழாய், கார்புரேட்டரின் மெல்லிய சவ்வு ஆகியவையே பல நேரங்களில் கோளாறுக்குக் காரணம். இவை சிறு செலவில் தீர்பவை. ஆனால் செயின், தகடு, அதைச் சுழற்றும் பல்சக்கரம் மூன்றும் தேய்ந்திருந்தால் அவற்றின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மொத்தச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். ஒப்பிடும் புதிய கருவியும் அதே தரத்தில் இருக்க வேண்டும். நாள் முழுதும் உழைக்கும் தரமான பழைய கருவிக்கு, மலிவாகக் கிடைக்கும் புதியது ஈடாகாது.

புதியதோ பழையதோ, கலவை தவறினால் கதி ஒன்றுதான். 50க்கு 1 என்று கையேடு சொன்னால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் டூ ஸ்ட்ரோக் எண்ணெய். இதைக் கண்ணளவில் ஊற்றக் கூடாது. அளந்தே ஊற்ற வேண்டும்.

ஆகவே பட்டறைக்குப் போகிறவர், “எத்தனை வெள்ளி ஆகும்?” என்று தொடங்க வேண்டாம். “பிரேக் பிடிக்கிறதா? பிஸ்டன் நன்றாக இருக்கிறதா?” என்று முதலில் கேட்கட்டும். விலையை அதற்குப் பிறகு பேசலாம்.