அறுபத்துநான்கு நாள் முடி



இங்கிலாந்தின் லெமிங்டன் நகரிலே 1928ஆம் ஆண்டு பிறந்தவர் றண்டோல்ப் டேர்ப்பின். தந்தையார் பிரித்தானிய கயானாவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். தாயார் ஆங்கிலப் பெண்மணி. மகன் பிறந்து ஓராண்டு நிறையுமுன் தந்தையார் காலமானார். வறுமையில் வளர்ந்த சகோதரர் மூவரும் குத்துச்சண்டையை நாடினர்.

பெற்றோர் இருவரும் வெள்ளையராயின் மட்டுமே பிரித்தானியப் பட்டத்துக்குப் போட்டியிடலாம் என்பது அக்கால விதி. அவ்விதி நீங்கியதும், 1948இல் அப்பட்டத்தை முதன்முதல் வென்ற கறுப்பினத்தவர் றண்டோல்ப்பின் தமையனார் டிக். அண்ணன் திறந்த வாயிலால் தம்பி உலக அரங்கிற் புகுந்தார்.

1951 யூலை 10ஆந் திகதி, இலண்டன் ஏர்ள்ஸ் கோட் அரங்கிலே அவர் எதிர்கொண்டவர் அமெரிக்கரான சுகர் றே றொபின்சன். அதுவரை ஒரேயொரு முறை தோல்வி கண்டவர். பதினைந்து சுற்றுகளின் முடிவில் புள்ளிகளால் வென்று, நடுத்தர எடைப் பிரிவின் உலக வீரரானார் டேர்ப்பின். செப்டெம்பர் 12இல் இருவரும் நியூ யோர்க்கில் மீண்டும் மோதினர். பத்தாஞ் சுற்றில், கண்ணருகே குருதி வழிய நின்ற றொபின்சன் அவரை வீழ்த்தினார். நடுவர் போட்டியை நிறுத்தினார். டேர்ப்பின் முடி தரித்திருந்தது 64 நாள்களே.

பின்னர் பொருள் கரைந்தது, வரிக்கடன் பெருகியது. 1962இல் கடனிறுக்க வழியற்றவரென அறிவிக்கப்பட்டார். 1966இல், 37ஆவது வயதில், அகால மரணமெய்தினார். வார்விக் நகரில் அவருக்குச் சிலை எழுந்தது 2001இலேயாகும்.

வெற்றிநாளிலே தோளிற் சுமக்கும் கூட்டம் வீழ்ச்சிநாளிலே கைகொடுக்க நிற்பதில்லை. இளைஞரை அரங்கேற்றும் நாம், அரங்கினின்று இறங்கிய பின் வாழும் வழியையும் அவர்க்குக் கற்பித்தல் வேண்டும்.