சிறுகதையை இரண்டு தடவை படியுங்கள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இன்ஜினியருக்குக் கதையில் என்னப்பா வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை போய்ச் சேருவதற்குள் ஒரு சிறுகதையை இரண்டு தடவை படித்துவிடலாம். அந்த இரண்டாவது தடவையைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதல் தடவை "அடுத்து என்ன?" என்றே ஓடுகிறோம். முடிவு தெரிந்த பிறகுதான், எழுதியவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது கண்ணில் படும்.

இடைசெவல் தந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி நேரம். ஏழைக் குடும்பம். உடம்பெல்லாம் புண்ணோடு, உடுக்கத் துணியில்லாமல் ஒரு அநாதைப் பையன் வந்து நிற்கிறான். பெயர் ராஜா. அந்த வீட்டு அம்மா அவனைக் குளிப்பாட்டி, புருஷனுக்கென்று வைத்திருந்த துண்டை அவனுக்குக் கட்டிவிடுகிறாள். பணக்கார வீட்டுப் பையனோ, தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமை பேசுகிறான். எங்கள் வீட்டுக்கும்தான் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள் ஏழை வீட்டுச் சிறுமி மங்கம்மாள்.

முதலில் படித்தபோது சிரித்தேன். மறுபடி படித்தபோது அந்தத் துண்டு என்னைப் பிடித்துக்கொண்டது. புருஷனுக்கு இனி என்ன இருக்கிறது? அந்தத் தாய் கொடுக்கும் முன் என்னென்ன நினைத்திருப்பாள்? "அவள் நல்லவள்" என்று ஆசிரியர் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஒரு துண்டைக் காட்டினார், அவ்வளவுதான். மீதியை நாம்தான் நிரப்ப வேண்டும். ரசனை என்பது இந்த வேலைதான்.

கதை யார் வாயால் வருகிறது என்றும் பாருங்கள். வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமர'த்தில் மரமே கதை சொல்கிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும், ஓடிப்போய்த் தடுக்க முடியாது. ருக்மிணியின் துயரம் நம்மை அதனால்தான் அதிகம் வாட்டுகிறது.

சரி, இதனால் என்ன பிரயோஜனம்? 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தினமும் எண்ணிக்கை ஏறியது. நாமும் எண்ணிக்கையைத்தான் விசாரித்தோம். கணக்கு வேண்டும்தான், என் தொழிலே கணக்கு. ஆனால் கருணாபுரத்தில் ஒரு வீட்டுத் திண்ணை ஏன் காலியாகக் கிடக்கிறது என்பதை எண் சொல்லாது. ஒரு ஆளை ஒரு ஆளாகப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அதைச் சிறுகதை கற்றுக் கொடுக்கிறது.

புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஜெயகாந்தன் 1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில். அன்றைக்குக் கள்ளக்குறிச்சியும் அதே தென்னாற்காடு மாவட்டம்தான். அவர்கள் நமக்கு அந்நியர் அல்லர்.

மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் தம்பி தங்கைகளே, கடுக்காய் பொறுக்கிய கைகளையும் சாமை இடித்த உரலையும் எங்களைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். மாதம் ஒரு கதை, இரண்டு தடவை படியுங்கள். ஒருநாள் நீங்களே எழுதுங்கள். நாங்கள் இரண்டு தடவை படிக்கக் காத்திருக்கிறோம்.