உடுக்குறியும் ஓர் இடைவெளியும்



ஓய்வு பெற்ற பின்னரே கணினி பழகியவன் நான். என் பழைய மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை ஒரு கோடை முழுதும் தட்டச்சுச் செய்து, லினக்ஸ் கணினியில் ஒரே கோப்புறையில் சேர்த்து வைத்தேன். நோட்டுப் புத்தகங்களை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். திருத்தாத படிகளுக்கெல்லாம் 'பழைய' என்று தொடங்கும் பெயரிட்டிருந்தேன். அவற்றை மட்டும் நீக்க எண்ணி, அழிக்கும் ஆணையை எழுதி, 'பழைய' என்ற சொல்லையும் உடுக்குறியையும் இட்டேன். கை தவறி இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தது. 'பழைய' என்றொரு கோப்பு இல்லை என்று கணினி முறையிட்டது. அவ்வளவுதான், கட்டுரை ஒன்றும் மிஞ்சவில்லை.

நடந்தது என்ன? கோப்புப் பெயர்களைச் சுட்டும்போது உடுக்குறி எத்தனை எழுத்துக்கும் ஈடாக நிற்கும். 'பழைய' என்பதோடு ஒட்டி நின்றால், அச்சொல்லால் தொடங்கும் பெயர்களை மட்டும் பிடிக்கும். தனித்து நின்றாலோ, புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள் நீங்கலாக, எல்லாவற்றையும் பிடிக்கும்.

அழிக்கும் நிரல் ஏன் தடுக்கவில்லை என்பீர்கள். அந்நிரல் உடுக்குறியைக் காண்பதே இல்லை! நாம் எழுதும் வரியை முதலில் வாங்குவது 'ஷெல்' என்னும் இடையாள். அதுவே குறியை விரித்து, பொருந்தும் பெயர்களை வரிசையாக்கி நிரலிடம் தருகிறது. ஒவ்வொரு பெயரையும் நானே எழுதினேன் என்று நிரல் கொள்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் உருவான தொடக்க நாளில், விரிக்கும் வேலைக்கென்றே 'குளோப்' என்னும் தனி நிரல் இருந்தது. 1971-ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே அது இடம்பெற்றிருக்கிறது.

உடுக்குறிக்குத் தம்பி வினாக்குறி. அது ஒரே ஓர் எழுத்துக்கு ஈடு என்பர். 'தமிழ்' என்று பெயரிட்ட கோப்புக்கு எத்தனை வினாக்குறி வேண்டும்? நன்னூல் படித்தவர் மூன்று என்பர். நானும் மூன்று இட்டேன், பொருந்தவில்லை. ஐந்து இட்டபின் பொருந்தியது. யூனிக்கோடு முறையில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்தாகப் பதிவாவதே காரணம். உயிர்மெய்யை ஓரெழுத்தென்று நாற்பதாண்டு கற்பித்தவனுக்கு இது உறுத்தத்தான் செய்கிறது.

இப்பொழுதெல்லாம் அழிக்கும் ஆணைக்கு முன், அதே குறியை 'எக்கோ' என்னும் ஆணைக்குக் கொடுத்துப் பார்க்கிறேன். விரிந்த பெயர்களை அது திரையில் காட்டும், எதையும் தொடாது. நோட்டுப் புத்தகங்களுள் பதினொன்றை மறுபடி கேட்டு வாங்கியிருக்கிறேன்; தட்டச்சு நடந்து வருகிறது.